கண்டோர் கூற்று

(பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இரண்டாம் ஆட்டம் முடிந்து திரையரங்கின் கதவுகள் திறக்கின்றன. மிதிவண்டி நிறுத்தத்தில் வில்லையைத் தேடும் கைகள். தாயின் தோளில் உறங்கிவிட்ட குழந்தை. இவர்களுக்காகவே விளக்கணைக்காமல் காத்திருக்கும் தேநீர்க் கடை. முதல் மிடறு தொண்டையில் இறங்குமுன் ஒருவர் வாய் திறக்கிறார்: "முதல் பாதி நல்லாத்தான் இருந்தது." மற்றவர் மறுக்கிறார். மூன்றாமவர் இருவரையும் விட்டுவிட்டு, கதைத்தலைவன் ஊரைவிட்டுப் போகும் காட்சியைக் கைகளால் காற்றில் வரைந்து காட்டுகிறார். படம் பார்க்காத கடைக்காரர் பாலை ஆற்றிக்கொண்டே கேட்கிறார். நாளை வீட்டாரை அனுப்புவதா, வேண்டாமா என்பது அந்த ஐந்து நிமிடத்திற்குள் முடிவாகிவிடுகிறது.

"படம் எப்படி?" தமிழில் மிகுதியாகக் கேட்கப்படும் திறனாய்வு வினா இதுவாகவே இருத்தல் கூடும். ஒரு கவிதை எப்படி என்று கேட்போர் ஊருக்கு நால்வர் இருப்பர். ஒரு நாவல் எப்படி என்று கேட்போர் பத்துப்பேர் இருப்பர். படம் எப்படி என்று கேளாதவர் அரியர். அதற்கு விடை சொல்லாதவர் அவரினும் அரியர். ஆயினும் இந்த விடைகளை இலக்கிய உலகம் பெரும்பாலும் பொருட்படுத்தியதில்லை. பாமரர் பேச்சு என்று ஒதுக்கியது. அல்லது வசூலுக்கு உதவும் செய்தி என்று வணிகரிடம் விட்டுவிட்டது. அப்பேச்சுக்குத் தமிழ்க் கவிதை மரபிலேயே ஓர் இடம் உண்டு என்பதையும், அவ்விடம் இன்று எவ்வாறு பறிபோகிறது என்பதையும் எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

வழியில் நின்றவர்

அகப்பாடல்களில் பேசுவதற்கு உரியவர்கள் தலைவி, தலைவன், தோழி, செவிலி, நற்றாய் எனச் சிலரே. அவர்களோடு கதையில் எந்தப் பங்கும் இல்லாத ஒருவருக்கும் தொல்காப்பியம் பேச்சுரிமை தருகிறது. அவரே கண்டோர். உடன்போக்கில் செல்லும் இருவரை வழியில் பார்த்துவிட்டவர் அவர். பெயர் இல்லை, ஊர் இல்லை, அவ்விருவரோடு உறவும் இல்லை. பார்த்தார் என்பதொன்றே அவருக்குப் பேசும் தகுதி.

குறுந்தொகையின் ஏழாம் பாடல், பெரும்பதுமனார் பாடியது, இதற்கு நல்ல சான்று. பாலை வழியில் ஓர் இளைஞனும் ஒரு பெண்ணும் போகின்றனர். கண்டவர் முதலில் நோக்குவது முகங்களை அன்று, கால்களை. அவன் காலில் வீரக்கழல். அவள் காலில் இன்னும் கழற்றப்படாத சிலம்பு. திருமணத்திற்கு முன் சிலம்பு கழித்தல் வழக்கம். ஆதலின் மணம் முடியுமுன் புறப்பட்டவர் என்பது அந்த ஒரு காட்சியிலேயே விளங்கிவிடுகிறது. அதன்பின் யாரோ இவர்கள் என்ற வினா. இரங்கத்தக்கார் என்ற உருக்கம். அவர்கள் செல்லும் மூங்கில் காட்டில் காற்று அலைக்க வாகை நெற்றுகள் ஒலிக்கின்றன. அவ்வொலி அவருக்குக் கயிற்றில் ஆடும் கூத்தரின் பறையை நினைவூட்டுகிறது. பாட்டு அவ்வளவே. செய்தது சரியா, தவறா என்ற தீர்ப்பு அதில் இல்லை. பெற்றோர்க்குச் சொல்லி அனுப்பவும் இல்லை.

இப்பாட்டில் மூன்று செயல்கள் வரிசையாக நிகழ்கின்றன. கண்ணில் பட்டது சொல்லப்படுகிறது. பட்டதிலிருந்து ஒன்று உய்த்துணரப்படுகிறது. உணர்ந்ததால் நெஞ்சு அசைகிறது. தேநீர்க் கடையில் நின்று காட்சியைக் கையால் வரைந்து காட்டியவர் செய்ததும் இதுவேயன்றோ? அவரும் கதைக்கு வெளியே நின்றவர். இரண்டரை மணி நேரம் ஒரு வழியோரத்தில் இருந்து, போனவர்களைப் பார்த்தவர்.

கண்டோர் எப்போதும் இரங்குவதோடு நின்றுவிடுவார் என்பதும் இல்லை. பொழுது போயிற்று, வழி கொடிது என்று செல்வோர்க்கு எச்சரித்தலும் கண்டோர்க்கு உரியது என்று தொல்காப்பியம் வகுக்கிறது. "அந்தப் படத்துக்குப் போய்விடாதே, காசு வீண்" என்று நண்பனைத் தடுப்பவர் இவ்வகையில் சேர்வார். எச்சரித்தலும் வழியைக் கண்டவர்க்கே உரியது என்பதை மட்டும் நினைவில் வைத்தல் வேண்டும்.

காண்போர்க்கு எய்துவது

மெய்ப்பாட்டைப் பற்றிய சிந்தனையிலும் காண்பவர்க்கே நடு இடம். ஆடுவோன் கொண்ட உணர்வு காண்போரைச் சென்று சேர்வதே மெய்ப்பாடு என்னும் கருத்துடைய செயிற்றியனார் நூற்பாவை உரையாசிரியர்கள் எடுத்துக் காட்டுவர். சேராவிடில் மேடையில் எவ்வளவு அழுதாலும் அது அழுகை என்னும் மெய்ப்பாடு ஆகாது. சுவைக்கப்படும் பொருள், அதைப் பொறிகள் நுகரும் உணர்வு, உள்ளத்தில் எழும் குறிப்பு, உடம்பில் புறப்படும் வேறுபாடு எனப் படிப்படியாக அவர்கள் விளக்குவர். கண்ணீர் அரும்புதலும் மயிர் சிலிர்த்தலும் இறுதிப் படியில் நிகழ்வன.

இனிச் சாதாரணப் பார்வையாளரின் சொற்களைக் கேட்டுப் பார்க்கலாம். "தொண்டையை அடைத்துக்கொண்டு வந்தது." "உடம்பெல்லாம் புல்லரித்துப் போயிற்று." "சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது." "பக்கத்து இருக்கைக்காரர் முகத்தைப் பார்க்கவே வெட்கமாய் இருந்தது." இவையெல்லாம் படத்தைப் பற்றிய கூற்றுகள் அல்ல, தம் உடம்பைப் பற்றிய வாக்குமூலங்கள். எந்த இலக்கணமும் படிக்காமலே, மெய்ப்பாட்டின் இறுதிப் படியில் நின்று அவர்கள் சான்று கூறுகின்றனர். கற்றவர் தம் கண்ணீரை மறைத்துக்கொண்டு படத்தின் அமைப்பைப் பற்றிப் பேசுவார். மற்றவர் கண்ணீரை முதலில் சொல்லிவிட்டு அமைப்புக்கு வருவார்.

அமைப்புக்கு அவர்கள் வராமலும் இல்லை. "முதல் பாதி", "இரண்டாம் பாதி" என்னும் பகுப்பையே எடுத்துக்கொள்ளலாம். இடைவேளை என்பது முறுக்கும் சோடாவும் விற்பதற்கான நேரம். ஆனால் அந்த நேரத்தை வைத்தே கதைக்கு ஓர் இலக்கணம் கண்டார்கள் பார்வையாளர்கள். இடைவேளைக்கு முன் கட்டிய முடிச்சு இடைவேளைக்குப் பின் தாங்கவில்லையென்றால் "இரண்டாம் பாதி இழுவை" என்று மூன்றே சொல்லில் கூறிவிட்டார்கள். இயக்குநர்களும் எழுத்தாளர்களும் இன்று கதையை அந்தப் பகுப்பை மனத்தில் கொண்டே எழுதுகிறார்கள். "ஒரு தடவை பார்க்கலாம்" என்பதும் நுண்ணிய மதிப்பீடே. குறை உண்டு, வெறுக்கத்தக்கதன்று, மறுமுறை அழைக்கும் ஆழம் இல்லை என்னும் மூன்று செய்திகள் அதில் அடங்கியுள்ளன. ஒரு மதிப்புரையாளர் இதைச் சொல்ல ஒரு பத்தி எடுத்துக்கொள்வார்.

வாய்மொழி நடத்திவைத்தவை

டூரிங் கொட்டகை இருந்த காலத்தில் படம் ஊருக்குள் வந்ததை மாட்டு வண்டியும் தம்பட்டமும் அறிவித்தன. வண்ணத் துண்டறிக்கைகள் பறந்தன. ஆனால் படம் நன்றாயிருக்கிறதா என்பதைத் துண்டறிக்கை சொல்லாது. பாட்டுப் புத்தகத்தில் கதைச் சுருக்கம் இருக்கும். அதுவும் முடிச்சு இறுகும் இடத்தில் நின்று, மீதியை வெள்ளித்திரையில் காணச் சொல்லிவிடும். எஞ்சிய செய்தி மனிதர் வழியே நடந்து போயிற்று. சந்தைக்குக் காய் கொண்டு போனவர், திருவிழாவுக்கு வந்த உறவினர், பக்கத்து ஊரில் பெண் கொடுத்தவர் ஆகியோரே செய்தியாளர்கள். நடவு வயலிலும் பீடி சுற்றும் திண்ணையிலும், படம் பார்த்த ஒருத்தி பார்க்காதவர்களுக்கு முழுக் கதையையும் வசனத்தோடு சொல்லி முடிப்பாள். நுழைவுச்சீட்டுக்கு வழியற்றவர்க்கு அவள் சொன்னதே படம்.

இவ்வாய்மொழி தமிழ்த் திரைப்பட வரலாற்றை மாற்றிய தருணங்கள் உண்டு. 1977இல் பாரதிராஜாவின் முதல் படமான '16 வயதினிலே' முடிந்தபோது விநியோகஸ்தர்கள் வாங்கத் தயங்கினர். தயாரிப்பாளர் எஸ்.ஏ. ராஜ்கண்ணு தாமே வெளியிட நேர்ந்தது. அரங்கத்திற்குள் எழுப்பிய தட்டிச் சுவர்களை விட்டு, மெய்யான தெருவுக்கும் வெயிலுக்கும் சென்ற படம் அது. விலை பேசுவோர் கண்ணுக்குப் படாத அந்த வெயில் பார்த்தவர்கள் கண்ணுக்குப் பட்டது. தம் ஊரின் சந்தும் தம் ஊரின் கேலியும் திரையில் இருந்ததை அவர்கள் ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொண்டனர். படம் வெள்ளிவிழாக் கண்டது.

1980இல் வந்த 'ஒருதலை ராகம்' ஏறத்தாழ முற்றிலும் புதுமுகங்களைக் கொண்டது. சொல்லப்படாமலே முடிந்துபோகும் காதலின் கதை. தொடக்க நாட்களில் கூட்டமில்லை. கல்லூரி மாணவர் ஒருவர் பார்த்து, விடுதியில் பத்துப்பேரிடம் சொல்ல, அப்பதின்மரும் போய்ப் பார்த்தது போன்ற ஒரு பரவலால் அது நெடுநாள் ஓடிற்று. 1999 டிசம்பரில் வெளியான பாலாவின் 'சேது'வும் இவ்வாறே. படம் முடிந்தும் வாங்க ஆளின்றிக் கிடந்தது. வெளியான தொடக்கத்தில் அரங்குகள் வெறுமையாய் இருந்தன. பார்த்துவிட்டு வந்த சிலர், பேச முடியாத நிலையில் வந்து பேசினர். அப்பேச்சு அரங்குகளை நிரப்பிற்று. சிறந்த தமிழ்ப் படத்திற்கான தேசிய விருது அதன்பின் வந்தது.

இம்மூன்றிலும் பெருநட்சத்திரத்தின் ஆணையால் அரங்குகள் நிரம்பவில்லை. அறிந்த ஒருவரின் சொல்லே ஆட்களைக் கூட்டிவந்தது.

கண்டோர் பிழைக்கும் இடம்

வாய்மொழியை இவ்வளவு போற்றிவிட்டு, அது பிழையே செய்யாது என்று கூறினால் அது முகத்துதி ஆகிவிடும். 1954இல் ஏவி.எம். நிறுவனம் வெளியிட்ட 'அந்த நாள்' பாட்டும் நடனமும் சண்டையும் இல்லாத படம். இயக்கியவர் வீணை எஸ். பாலசந்தர். ஒரு படத்தில் பத்துக்கு மேற்பட்ட பாடல்களைக் கேட்டுப் பழகிய அவை, பாட்டு எப்போது வரும் என்று காத்திருந்து ஏமாந்தது. முதல் வெளியீட்டில் அது வணிக வெற்றி பெறவில்லை. தேசிய அளவில் சான்றிதழ் பெற்றது. காலப்போக்கில் தமிழின் தலைசிறந்த படங்களுள் ஒன்றாக எண்ணப்பட்டது.

அப்படத்தின் கதையே கண்டோர் கூற்றைப் பற்றிய பாடம் எனலாம். ஒருவன் சுடப்பட்டு இறந்து கிடக்கிறான். அவனை அறிந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து துப்பறியும் அதிகாரியிடம் பேசுகின்றனர். ஒவ்வொரு வாயிலும் அவன் ஒவ்வொரு மனிதனாகிறான். ஒவ்வொரு கூற்றும் இன்னொருவரைக் குற்றவாளியாக்குகிறது. சொல்வோரின் அன்பும் பகையும் கூற்றுக்குச் சாயம் ஏற்றுகின்றன. அதிகாரி என்ன செய்கிறார்? எவரையும் இடைமறித்து விரட்டவில்லை. எல்லாவற்றையும் கேட்டு, ஒன்றோடொன்றை ஒட்டிப் பார்க்கிறார். உண்மை பலர் கூற்றின் நடுவே கிடக்கிறது. அதைப் பொறுக்கி எடுக்கப் பொறுமை வேண்டும். இதைச் சொன்ன படத்துக்கே அன்றைய அவை பொறுமை காட்டவில்லை என்பது வருந்தத்தக்க முரண்.

2003ஆம் ஆண்டுப் பொங்கலுக்கு வந்த 'அன்பே சிவம்' மற்றொரு சான்று. வெள்ளத்தால் வழி தடைப்பட்ட இருவர் புவனேசுவரத்திலிருந்து சென்னைக்கு வரும் பயணமே கதை. விழாக் காலத்தின் ஆரவாரத்தை நாடி வந்தவர்க்கு அது உவக்கவில்லை, படம் தோல்வியுற்றது. பின்னர்த் தொலைக்காட்சியில் அது மீண்டும் மீண்டும் ஒளிபரப்பாயிற்று. பாயில் படுத்தபடி, எந்த எதிர்பார்ப்பும் இன்றி, இடையிலிருந்து பார்க்கத் தொடங்கியவர்கள் எழுந்து உட்கார்ந்தனர். மறுநாள் பேசினர். இன்று அப்படத்தைப் புகழாதவரைக் காண்பது கடினம்.

இங்கே கருத வேண்டியது ஒன்றுண்டு. இப்பிழைகளைத் திருத்தியவர்கள் யார்? விருதுக் குழுவும் திறனாய்வாளரும் மட்டும் திருத்தியிருந்தால் அப்படங்கள் நூலகக் குறிப்பில் வாழ்ந்திருக்கும். மக்கள் வாயில் வாழ்வதற்குக் காரணம் பிந்தி வந்த சாதாரணப் பார்வையாளரே. அவசரத்தில் தவறிய ஒன்றை, அவசரம் நீங்கியபோது அதே கூட்டம் திருத்திக்கொண்டது. ஆகவே பிழை கண்ணில் இல்லை; பொழுதில் இருந்தது.

கூற்று தீர்ப்பான கதை

இதழ்கள் திரைப்படங்களை மதிப்பிடத் தொடங்கியபோது சாதாரணப் பேச்சின் வலிமையை அறிந்தே இருந்தன. ஆனந்த விகடனில் ஒரு காலத்தில் முனுசாமி, மாணிக்கம் என்னும் இருவர் பேசிக்கொள்வதாகவே மதிப்புரை வந்தது. சென்னைத் தெருப்பேச்சில் ஒருவர் புகழ்வார். மற்றவர் குறை காண்பார். படிப்பவர் இருவருக்கும் நடுவே நின்று தாமே முடிவுக்கு வரலாம். பின்னர் அதே இதழ் நூற்றுக்கு இத்தனை என மதிப்பெண் இடும் முறையைக் கொண்டது. '16 வயதினிலே' பெற்ற 62.5 மதிப்பெண்ணை இன்றும் நினைவில் வைத்திருப்போர் பலர். அம்மதிப்புரை என்ன சொல்லிற்று என்று கேட்டால் அவர்களுள் எத்தனை பேர் சொல்வர்?

எண்ணின் இயல்பு அது. உரையாடலில் இரு பக்கமும் எஞ்சும். எண்ணில் ஒன்றே எஞ்சும். மதிப்பெண்ணை அடுத்து வசூல் கணக்கு வந்தது. முன்பு தயாரிப்பாளரும் கணக்கரும் மட்டும் அறிந்திருந்த தொகையைப் பள்ளிச் சிறுவனும் வாதத்திற்கு எடுத்துக்கொள்கிறான். "படம் எப்படி?" என்றால் "இத்தனை கோடி" என்கிறான். அவன் எதைக் கண்டான் என்பது அவ்விடையில் இல்லை.

அதன்பின் ஒலிவாங்கி வந்தது. முதல் நாள் முதற்காட்சி முடியும் வேளையில் அரங்கின் வாயிலில் இணைய அலைவரிசைகளின் படக்கருவிகள் காத்திருக்கின்றன. வெளியே வருபவர் இன்னும் இருளிலிருந்து ஒளிக்குக் கண்ணைப் பழக்கிக்கொண்டிருக்கிறார். முகத்தருகே கருவி நீள்கிறது. பத்து நொடியில் அவர் ஏதேனும் சொல்லியாக வேண்டும். அமைதியாகச் சொன்னால் அது வெளிவராது, கத்தினால் வரும். ஆகவே கத்துகிறார். மெய்ப்பாடு உடம்பில் புறப்படுமுன்னரே தீர்ப்பு வாயில் புறப்பட்டுவிடுகிறது.

2024 நவம்பரில் தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர் தரப்பினர், திரையரங்கு வளாகங்களில் இவ்வாறு பார்வையாளர் கருத்தைப் படமெடுக்க இடம்தரலாகாது என்று அரங்க உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டனர். படம் வெளியான முதல் மூன்று நாள் விமரிசனங்களுக்குத் தடை வேண்டும் என்று வழக்கும் தொடுக்கப்பட்டது. கருத்துரிமையைச் சுட்டி, சென்னை உயர் நீதிமன்றம் 2024 டிசம்பரில் இடைக்காலத் தடை விதிக்க மறுத்தது.

இரு பக்கத்து வாதத்தையும் கேட்டல் முறை. நூற்றுக்கணக்கானோர் ஈராண்டு உழைத்ததை, உள்ளே நுழையாத ஒருவர் வாயிலில் நின்று ஏசி அழிக்கலாமா என்று தயாரிப்பாளர் கேட்பதில் வலி இருக்கிறது. ஒரு நாள் கூலியின் பெரும்பகுதியைக் கொடுத்து உள்ளே போனவர் தம் ஏமாற்றத்தைச் சொல்லக்கூடாதா என்று பார்வையாளர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. புகழ் வரும்போது வாயிலில் கருவியை வரவேற்றவர்களே, இகழ் வரும்போது கதவடைக்க நினைப்பதையும் மறைத்தல் இயலாது. தடை தீர்வாகாது. தடுத்தால் ஏசுவோரின் வாய் மட்டுமன்று, 'சேது'வைக் காப்பாற்றிய வாயும் அடைபடும். வெறுமையான அரங்கிலிருந்து வெளியே வந்த அந்தச் சிலர் மூன்று நாள் வாய்மூடியிருந்தால், நான்காம் நாள் பேச அரங்கில் படம் இருந்திருக்குமா?

எனில் குறை எங்கே? தேநீர்க் கடைக்கும் ஒலிவாங்கிக்கும் உள்ள வேறுபாட்டைக் கருதினால் அது விளங்கும். கடையில் பேசுபவர் முகமறிந்த ஒருவரிடம் பேசுகிறார். பொய்யாகப் புகழ்ந்தால், மறுநாள் அவர் காசைத் தொலைத்துவிட்டு வந்து நிற்பார். அதே முகத்தில் விழிக்க வேண்டும். அளவின்றி இகழ்ந்தாலும், வேறொருவர் சொல்லக் கேட்டுப் பார்த்துவிட்டு வந்து, "இதையா வேண்டாம் என்றாய்?" என்பார். நாளை சந்திக்க வேண்டும் என்ற ஒன்றே சொல்லுக்குக் கடிவாளம். அக்கடிவாளத்திற்கு அன்பும் உண்டு: "உனக்குப் பிடிக்கும், உன் அப்பாவை அழைத்துப் போகாதே, மருத்துவமனைக் காட்சி வருகிறது" என்று கேட்பவரை எண்ணிச் சொல்லும் சொல் அது. முடிவை மட்டும் சொல்லாமல் விடும் நாகரிகமும் அதில் உண்டு. ஒலிவாங்கியின் முன் நிற்பவர் எவரிடம் பேசுகிறார்? எல்லோரிடமும், ஆதலின் எவரிடமும் இல்லை. நாளை அவர் எவர் முகத்திலும் விழிக்க வேண்டியதில்லை. கூற்று கெட்டது கூறும் உரிமையால் அன்று; கேட்பவர் மறைந்துபோனதால்.

கவிஞர் அவைக்கு

கவிதையைக் கூடிப் படித்துக் கூடிப் பேசும் ஒரு வட்டம் தன் பத்தாம் ஆண்டில் திரைப்படப் பேச்சைக் கேட்பதில் என்ன பயன் என்ற ஐயம் எழலாம். பயன் அருகிலேயே இருக்கிறது. ஒருவர் கவிதை படித்து முடித்ததும் அவையில் எழும் சொற்களை நினைத்துப் பார்த்தல் வேண்டும். "அருமை." "சிறப்பு." "நல்ல முயற்சி." இவை பத்து நொடிச் சொற்கள். வாயிலில் நிற்கும் ஒலிவாங்கிக்கு உரியவை. படித்தவர் முகம் மலர வேண்டும் என்னும் அன்பால் சொல்லப்படுவன எனினும், அவற்றிலிருந்து கவிஞர் எடுத்துச் செல்வதற்கு ஒன்றும் இல்லை. கடுமையாகப் பேசுவோரிடமும் இதே குறை உண்டு. கவிதையைத் தவிர மற்றெல்லாவற்றையும், எழுதியவரின் குழு, கொள்கை, முன்னே எழுதியவை ஆகியவற்றைப் பேசி அமர்வர். கைகளால் காற்றில் காட்சியை வரைந்த அந்த மனிதரின் அளவுக்கேனும் கவிதையைக் கண்டதாக அவர்கள் பேச்சில் தடயம் இராது.

கண்டோர் கூற்றின் இலக்கணத்தைக் கவிதைக்கும் கொள்ளலாம். எந்தச் சொல்லில் காது நின்றது? எந்த இடத்தில் கவனம் கழன்று, வெளியே போகும் பேருந்தின் ஒலி கேட்டது? படித்து முடித்தபின் கண்ணுக்குள் எஞ்சிய காட்சி எது? இவ்வளவு சொன்னால் போதும். பாராட்டா குறையா என்பதைக் கவிஞரே அறிந்துகொள்வார். அவன் காலில் கழல், அவள் காலில் சிலம்பு என்று பெரும்பதுமனாரின் வழிப்போக்கர் சொன்னது போல, கண்டதைச் சொன்னாலே உணர்ந்தது வந்துவிடும். மறுமாதமும் அதே அவையில் அதே முகங்களைப் பார்க்கப் போகிறவர்கள் என்பதால், ஒலிவாங்கிக்கு இல்லாத கடிவாளமும் அன்பும் இவ்வகை வட்டங்களுக்கு இன்னும் இருக்கின்றன. அவற்றை இழக்காமல் வைத்திருப்பதே ஓர் இலக்கிய வட்டத்திற்குப் பத்தாண்டுச் சாதனை ஆகும்.

எஞ்சுவது

1931 அக்டோபர் 31ஆம் நாள் சென்னை கினிமா சென்ட்ரலில் 'காளிதாஸ்' திரையிடப்பட்டது. தமிழ் ஒலித்த முதல் பேசும்படம் அதுவே. டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேசினார். தலைவனாக நடித்தவர் தெலுங்கில் பேசினார். கூடியிருந்தோர் அதனைக் குறையாகக் கொள்ளவில்லை. திரை பேசியதே வியப்பு. அப்படத்தின் சுருள் இன்று எங்கும் இல்லை. அது போன்றே அக்காலத்துப் படங்கள் பல அழிந்தன. எஞ்சியவை விளம்பரங்களும், இதழ்க் குறிப்புகளும், பாட்டுப் புத்தகங்களும், பார்த்தவர்கள் சொல்லி, சொல்லக் கேட்டவர்கள் எழுதிவைத்த செய்திகளுமே. படம் போயிற்று, கண்டோர் கூற்று நிற்கிறது.

குறுந்தொகைக் காதலர் இருவரும் மூங்கில் காட்டுக்குள் மறைந்தனர். அவர்கள் எங்குச் சேர்ந்தனர், எவ்வாறு வாழ்ந்தனர் என்பதை எவரும் அறியார். அவ்வழியே அவர்கள் போனார்கள் என்பதும், அவள் காலில் சிலம்பு இருந்தது என்பதும், காற்றில் வாகை நெற்று ஒலித்தது என்பதும் இன்றும் தெரிகின்றன. வழியோரத்தில் ஒருவர் நின்று, பார்த்து, பார்த்ததைப் பார்த்தபடி சொல்லிவிட்டுத் தம் வழியே போனதால் தெரிகின்றன.

இன்றிரவும் எங்கோ ஒரு சிற்றூரில் இரண்டாம் ஆட்டம் முடிந்து கதவுகள் திறக்கும். தேநீர்க் கடையில் யாரோ ஒருவர், "படம் எப்படி?" என்று கேட்பார். விடை சொல்பவர் ஒரு கணம் நின்று, கண்டதை எண்ணிச் சொல்வாராக. கேட்பவரும் முடிவை மட்டும் கேட்காமல் முழுவதும் கேட்பாராக.